உரிய தொனியில் வாசிக்கவும்

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவளுக்கு ஊரில் முகம் கிடையாது. பதினோரு வருடமாக அவள் குரல் தினமும் ஆயிரக்கணக்கான காதுகளில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் தெருமுனைக் கடைக்காரர்கூட அவளை அடையாளம் கண்டதில்லை. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், சலவை நிலையத்தில் காலை வேலைக்குப் போய்விட்டு மதியம் திரும்பிவிடும் அக்கா. இவ்வளவுதான் குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு முகம் தெரிந்தால் போதாதா?

கெட்ட நேரம் ஒலிபெருக்கி வடிவத்தில் வந்தது. ஒருநாள் சாயங்காலம் அறிவிப்பை முடித்துவிட்டுப் பொத்தானை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். பக்கத்து அறையில் வண்டிகளின் நேரம் பார்க்கும் ஊழியர் கதவு வழியாகத் தலையை நீட்டி, "பதினேழாம் நம்பர் வண்டி இன்னும் நாப்பது நிமிஷம் லேட்டாம்" என்றார்.

"அது எந்தக் காலத்துல நேரத்துக்கு வந்திருக்கு? வந்துச்சுன்னா நான் என் பேரையே மாத்திக்கிறேன்" என்றாள் அவள்.

ஆறு நடைமேடைகளும் அதைக் கேட்டன. ஜனங்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் செல்போனில் பதிவு செய்திருந்தார். ராத்திரிக்குள் அது ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. முதல் இரண்டு நாள் "உண்மையைச் சொன்ன அக்கா" என்று கொண்டாடினார்கள். மூன்றாம் நாள் யாரோ அவள் புகைப்படத்தைத் தேடிப்பிடித்துப் போட்டார்கள். முகம் கிடைத்ததும் திட்டு தொடங்கியது. சம்பளம் வாங்கிக்கொண்டு திமிர், வாயைத் தைக்க வேண்டும், தண்டவாளத்தில் கட்டிப்போட வேண்டும் என்று நாலாயிரம் பேர் எழுதினார்கள். அவர்களில் பாதிப்பேர் ரயிலில் போகிறவர்களே இல்லை.

நாலாயிரத்தையும் அவள் தாங்கிக்கொண்டாள். திட்டு வாங்குவதும் மழையில் நனைவதும் ஒன்றுதான், முழுக்க நனைந்த பிறகு மேற்கொண்டு நனைய இடமில்லை. அவளைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு இணையக் கணக்கு. அதன் பெயர் வெள்ளைப்புறா. வெள்ளைப்புறா திட்டவே இல்லை. தினமும் ஒரு செய்தி மட்டும் அனுப்பியது.

"இன்று பச்சைக் குடை. ஆறாம் எண் பேருந்து. நூலக நிறுத்தத்தில் இறங்கினீர்கள். மகள் கைப்பிடித்து நடக்கும் அழகே அழகு. அதற்கப்புறம் எந்தத் தெரு என்று தெரியவில்லை. அவசரமில்லை, கண்டுபிடித்துக்கொள்கிறேன்."

மறுநாள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது அவள் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கினாள். அதற்கு மறுநாள் இரண்டு நிறுத்தம் தள்ளி. சந்து சந்தாகச் சுற்றி வீட்டுக்கு வந்தாள்.

"ஏம்மா தினம் வேற வேற வழியா போறோம்?" என்று மகள் கேட்டாள்.

"நடந்தா உடம்புக்கு நல்லதுடா" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

காவல் நிலையத்துக்குப் போனாள். "இன்டர்நெட்ல வந்ததா? அப்ப அது வாரியத்து வேலை" என்று அனுப்பிவிட்டார்கள். அக்காவும் அதையே சொன்னாள். அக்காவுக்கு முத்திரை குத்திய காகிதத்தின் மேல் அபார நம்பிக்கை. "இதுக்குன்னே ஒரு ஆபீஸ் திறந்து வச்சிருக்காங்க. போய் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டு வாடி. அவன் எங்க இருந்தாலும் பிடிச்சிருவாங்க."

அப்படித்தான் அவள் இணைய மரியாதை வாரியத்துக்குப் போனாள்.

வாரியம் ஐந்து மாடிக் கட்டடம். நுழைந்ததும், "ஒரு சொல்லும் புண்படுத்தாத உலகம்" என்று பித்தளை எழுத்துகள். அதற்குக் கீழே நின்ற காவலாளி, "ஏய், செல்போனை வெளிய வை! படிக்கத் தெரியாதா?" என்றார்.

"ஆதாரமெல்லாம் போன்லதாங்க இருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உள்ள போன் கூடாது."

எழுத்தர் விளக்கினார். நாற்பது வயதுக்காரர், பொறுமைசாலி, எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்காமல் அவர் தோளைப் பார்த்துப் பேசுகிறவர். ஆதாரத்தைக் கையால் எழுதிக் கொண்டுவர வேண்டும். அச்சு செல்லாது. வேறொருவர் எழுதினால் செல்லாது. வசவு வாங்கியவர் கையெழுத்திலேயே இருக்க வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது.

"எனக்கு ஒரே ஒரு ஆள் மேலதாங்க புகார்" என்றாள்.

"ஒருத்தர் எழுதினா அது கருத்தும்மா. நூறு பேருக்கு மேல எழுதினாத்தான் வசவு. எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க, அதோட இதையும் சேர்த்துக்கலாம்."

ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினாள். மகள் வீட்டுப்பாடம் எழுதும் அதே மேசையில், மகள் எட்டிப் பார்க்காதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி ஊர் எழுதியதையெல்லாம் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள். படித்தபோது வலிக்காத வரிகள் எழுதும்போது வலித்தன. ஒரு வசவை எழுத வேண்டுமானால் அதை மனதுக்குள் இரண்டு முறையாவது சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

எழுத்தர் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றையும் நான்கு பெட்டிகளில் பிரித்தார். தாய், தோற்றம், தொழில், இதர. "தாய் கொஞ்சம் குறைச்சலா இருக்கு. பரவாயில்ல, தோற்றம் நல்லா வந்திருக்கு" என்றார். வெள்ளைப்புறாவின் தாள்கள் வந்ததும் நிறுத்தினார்.

"இதுல வசவே இல்லையேம்மா."

"நான் எங்க இறங்குறேன், என்ன குடை பிடிக்கிறேன், எல்லாம் எழுதியிருக்கான் பாருங்க. என் பொண்ணைப் பத்தி எழுதியிருக்கான்."

"'அழகே அழகு'ன்னு பாராட்டித்தானே எழுதியிருக்காரு? 'இறங்கினீர்கள்'னு எவ்வளவு மரியாதையா போட்டிருக்காரு பாருங்க. இருபது வருஷ சர்வீஸ்ல என் மேலதிகாரி என்னை 'நீங்க'ன்னு ஒருநாள் கூப்பிட்டதில்ல." அவர் குரலில் உண்மையான ஏக்கம் இருந்தது. தாள்கள் 'இதர'வில் விழுந்தன.

மூன்று வாரம் கழித்து விசாரணை. பச்சைத் துணி விரித்த நீண்ட மேசை. நடுவில் உயரமான நாற்காலியில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் தொனி மதிப்பீட்டாளர் என்று ஒருவர், காதில் ஒலி கேட்கும் கருவி, கையில் நிறுத்துக் கடிகாரம். வாரியத்தின் பதினான்காம் விதிப்படி, எழுத்துக்குத் தொனி கிடையாது. ஆகவே மனுதாரர் தனக்கு வந்த வசவுகளை, எழுதியவர் எந்த ஆவேசத்தில் எழுதினாரோ அந்த ஆவேசத்தில், எழுந்து நின்று வாசித்துக்காட்ட வேண்டும். பத்துக்கு ஆறு மதிப்பெண் வந்தால்தான் அது வசவு.

அவளுக்கு முன்னால் ஒரு நீச்சல் பயிற்சியாளர். ஆறடி மனிதர். இரண்டு வரி முணுமுணுத்தார், மூன்றாவது வரியில் வசவுக்குள் அவர் அம்மா வந்தார். அவரால் அதைத் தாண்ட முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அழுகையைப் பதிவுல சேர்க்க முடியாது" என்றார் மதிப்பீட்டாளர். "எதிராளியோட ஆவேசம் சுத்தமா வெளிவரல. ரெண்டு மார்க்." மனு தள்ளுபடி ஆனது. போகும்போது பயிற்சியாளர் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். 'ஆழ்ந்து மூச்சு விடுங்கள்' என்று அதில் எழுதியிருந்தது.

அடுத்து அவள். எழுந்தாள், தொண்டையைச் செருமினாள், தாளைப் பார்த்தாள். பதினோரு வருடப் பழக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கடைசி நடைமேடை வரைக்கும் கேட்கிற மாதிரி, அவசரமில்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, "இவளைத் தண்டவாளத்தில் கட்டிப்போட வேண்டும்" என்பதை, வண்டி மூன்றாம் நடைமேடைக்கு வருகிறது என்பதுபோல வாசித்தாள். கட்டிலிருந்து வாரியம் பொறுக்கிக் கொடுத்த இருநூறு வசவுகள். ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, ஏழு வருஷமா இந்த நாற்காலியில உக்கார்ந்திருக்கேன். ஒரு வசவை இவ்வளவு தெளிவா நான் கேட்டதே இல்ல. வர்றவங்கல்லாம் அழுறாங்க, விக்குறாங்க. எங்க வேலை எவ்வளவு சிரமம்னு யாரும் யோசிக்கிறதில்ல. அவங்களுக்கு ஒருநாள் துக்கம், எங்களுக்கு தினம் தினம் அவங்க மூக்கு சிந்துறதைக் கேக்கணும். நாங்களும் மனுஷங்கதானே?"

மதிப்பீட்டாளர் தெளிவுக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார். ஆனால் மனுதாரர் புண்பட்டதற்கான அறிகுறி எதுவும் குரலில் இல்லை என்பதால் மனுவை நிறுத்திவைக்கப் பரிந்துரை செய்தார்.

தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். விஷயம் இதுதான். வாசிக்க முடியாமல் நிற்கும் மனுக்கள் பதினோராயிரம். விதியில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால், மனுதாரர் சார்பாக ஒரு வாசிப்பாளர் வாசிக்கலாம். அவள் விடுமுறை நாட்களில் வந்து வாசித்துக் கொடுத்தால் போதும்.

"உங்க மனுவை நானே மேல எடுத்து வைக்கிறேன். வெள்ளைப்புறாவோ காக்காவோ, கணக்கை மூடிடலாம்."

அந்தக் கணக்கு மூடப்பட்டால் மகளோடு நேர் வழியில் வீட்டுக்குப் போகலாம். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சரி என்றாள்.

ஆறு வாரம் வாசித்தாள். ஓய்வு நாளெல்லாம் பச்சைத் துணி மேசைக்கு முன்னால் நின்று, முன்பின் தெரியாத மனிதர்களைப் பற்றி முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதியதையெல்லாம் கணீரென்று வாசித்தாள். மனுக்கள் மளமளவென்று நகர்ந்தன. நகர்ந்தன என்றால் தீர்ந்தன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், இந்த அலமாரியிலிருந்து அந்த அலமாரிக்கு நகர்ந்தன. வாரியம் பூரித்துப்போய், வெளிப்படைத்தன்மையின் பொருட்டு எல்லா வாசிப்புகளையும் தன் இணையதளத்தில் போட்டது. பக்கத்தின் பெயர் 'வசவுக் களஞ்சியம்'. மேலே அவள் புகைப்படம். ஜனங்கள் களஞ்சியத்தை ரசித்துக் கேட்டார்கள். பிடித்ததை வெட்டி நண்பர்களுக்கு அனுப்பினார்கள். திட்டுகிறவர்கள் இனி தட்டச்சுகூடச் செய்ய வேண்டியதில்லை, அவள் குரலையே எடுத்து அனுப்பினால் போதும்.

ஒருநாள் நடைகூடத்தில் ஒரு தையல்காரப் பெண் அவளை வழிமறித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தான் தைத்துப் போட்டுக்கொண்ட முதல் உடையைப் புகைப்படம் எடுத்துப் போட்டவள். அவள் உடம்பைப் பற்றி வந்த தொள்ளாயிரம் வரிகளையும் போன வாரம்தான் அறிவிப்பாளர் வாசித்திருந்தாள்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரலக்கா" என்றாள் அந்தப் பெண். "அவங்க எழுதினப்போ அது வெறும் எழுத்தா இருந்துச்சு. போனை மூடிட்டா போயிரும். இப்ப ராவும் பகலும் உங்க குரல்ல கேக்குது. ரயிலடிக்குப் போகவே பயமா இருக்கு. நீங்க வண்டி வருதுன்னு சொல்றப்போ, அடுத்து என்னைத்தான் சொல்லப்போறீங்கன்னு நினைக்கிறேன்."

அறிவிப்பாளருக்கு வெட்கம் என்றால் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெட்கம். தன் ஒருத்தியின் நிம்மதிக்காக நூறு பேரின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறாள். நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"இனிமே வாசிக்க மாட்டேன் சார். என் மனுவை விசாரணைக்கு எடுங்க. நேத்துகூட எழுதியிருக்கான். எங்க தெரு வரைக்கும் வந்துட்டான். எந்த வீடுன்னுதான் தெரியல."

தலைவருக்கு வருத்தம்தான். ஆனாலும் வாக்குக் கொடுத்தவர் அல்லவா? அவள் மனுவை எடுத்தார். அவள் தன் கடைசி வாசிப்பை வாசித்தாள். "மூன்று மாடி ஏற வேண்டுமே என்று மகள் அலுத்துக்கொண்டது காதில் விழுந்தது. மூன்று மாடிக் கட்டடங்கள் உங்கள் தெருவில் நான்குதான் இருக்கின்றன. நான்கு கதவுதானே, தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்." எத்தனை அடக்கியும் குரல் உடைந்தது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஒரு வரியைப் பாதியில் விட்டாள்.

மதிப்பீட்டாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். "இவ்வளவு பயங்கரம் எழுத்துல இல்லையே. எழுதினவர் சாதாரணமாத்தான் எழுதியிருக்காரு. தொனியை இவங்களா சேர்த்துட்டாங்க. இது திரிபு."

"போன தடவை தொனியே இல்லன்னீங்க!"

"அது போன தடவை."

தலைவர் கைகளைக் கோத்துக்கொண்டார். "அதுவும் போக, அவர் யாருன்னே தெரியாதேம்மா. பேர் தெரியாத, முகம் தெரியாத ஒருத்தர் மேல நடவடிக்கை எடுத்தா, அது அவருக்குச் செய்யற அநியாயம் இல்லையா? வாரியம் யாரையும் புண்படுத்தக் கூடாது." மனு தள்ளுபடி. வாசிப்பு மட்டும் வழக்கம்போலக் களஞ்சியத்தில் ஏறியது.

பத்து நாள் வெள்ளைப்புறாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அக்கா, "பாத்தியா, வாரியம்னா சும்மாவா? பயந்துட்டான்" என்றாள். அவளும் பாதி நம்பினாள். பதினோராம் நாள் வேலையில் இருக்கும்போது வாரியத்திலிருந்து ஆள் வந்தார். ஒரு முக்கியமான உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டும், மாலை நான்கு மணிக்கு நேரில் வரவும். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போகும்படி அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த முறை காவலாளி எழுந்து நின்றார். கூடத்தில் பூச்செண்டு, புகைப்படக்காரர், ஊழியர்கள் எல்லாரும். தலைவர் ஒலிவாங்கி முன் நின்றார்.

"நண்பர்களே! ஏழு வருஷம். இருபத்தி ரெண்டாயிரம் மனு. ஒண்ணுல கூட நம்மால குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியல. 'வாரியம் என்ன செய்யுது'ன்னு கேட்டாங்க. நம்மளையே இணையத்துல திட்டினாங்க. நம்ம பக்கத்துல கருத்துச் சொல்ற வசதியை உடனே எடுத்துட்டோம், ஏன்னா நமக்கும் மனசு இருக்கு. இன்னைக்கு முதல் முறையா, குற்றவாளியோட பேர், முகம், வேலை செய்யற இடம், வீட்டு முகவரி, குரல் மாதிரி, எல்லாம் ஆதாரத்தோட நம்ம கையில. இது நம்ம வெற்றி!"

எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் கைதட்டினாள். வெள்ளைப்புறா அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

எழுத்தர் உத்தரவை நீட்டினார். அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். மனுதாரர்: வெள்ளைப்புறா. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. மனுதாரரின் கண்ணியமான எழுத்துகளை, அவர் நினைத்தே பார்க்காத கொடூரத் தொனியில் பகிரங்கமாக வாசித்து அவரைப் புண்படுத்தியது நிரூபணம்.

"இவன்தாங்க! நான் புகார் குடுத்தது இவன் மேலதான்!"

"அது வேற கோப்பும்மா" என்றார் எழுத்தர் அவள் தோளைப் பார்த்து. "முடிஞ்சு போன கோப்பு. ரெண்டையும் சேர்த்துப் பாக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. தண்டனை ஒண்ணும் பெருசில்ல, கவலைப்படாதீங்க. ஒரு மன்னிப்பு. அவ்வளவுதான்."

"மன்னிப்பா? அவன்கிட்டயா?"

"மனுதாரர் மனசு ரொம்ப நொந்துபோயிருக்காரு. இணையத்துல கேட்டா ஆறாது, நேர்ல வேணும்னாரு. பெரிய மனசு பண்ணி, உங்களை அலைய விட வேண்டாம், நானே வீட்டுக்குப் போய் வாங்கிக்கிறேன்னுட்டாரு. முகவரியோட உத்தரவு நகல் அவருக்கு முந்தாநாளே போயிருச்சு. உங்க நகல்தான் கொஞ்சம் தாமதம்." அவர் தாளின் கடைசி வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இன்னைக்குச் சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறு. அவர் யாரு எவருன்னு மட்டும் நீங்க கேக்கக் கூடாது. மனுதாரரோட அடையாளம் ரகசியம்."

சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால்.

காவலாளியிடமிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். இரண்டு தரம் தப்பான எண்ணை அழுத்தினாள். மூன்றாவது தரம் மணி அடித்தது, அக்கா எடுத்தாள்.

"அக்கா, கதவைத் திறக்காதே! யார் வந்தாலும் திறக்காதே! பாப்பாவைக் கூட்டிக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போ!"

"ஏன்டி இப்படிக் கத்துற? மெதுவாப் பேசு, ஆள் இருக்காரு" என்று அக்கா குரலைத் தாழ்த்தினாள். "வாரியத்துக் கடுதாசியோட வந்திருக்காரு. சும்மா ஒண்ணும் உள்ள விடல, முத்திரையெல்லாம் நல்லாப் பாத்துட்டுத்தான் விட்டேன். ரொம்பத் தன்மையான மனுஷன். பாப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு ஸ்கூல் கதையெல்லாம் கேட்டுட்டிருக்காரு. நீ பதறாம வா. எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கேன்னு சொல்லிட்டாரு."